ஏழு நாடுகள் சேர்ந்து ஒரு பலகையைக் காப்பாற்றிய விதம்

பலகைக்குக் கீழே தினமும் காலையில் கைப்பிடியளவு மாவு உதிர்ந்து கிடந்தது. சலித்தெடுத்ததுபோல் அத்தனை நைசான மரமாவு. படகுத்துறையின் டிக்கெட்காரி, கவுன்டர் ஜன்னலைத் திறப்பதற்கு முன் முதலில் அதைத்தான் பெருக்குவாள். பெற்ற தாயைக் கூட்டி வாரிக் குப்பையில் கொட்டுகிறோம் என்று ஒவ்வொரு நாளும் தோன்றும். தோன்றியதை யாரிடமும் சொன்னதில்லை.

காத்திருப்பு அறையில் மாட்டியிருந்த அந்தப் பலகை ஒரு பெஞ்சு நீளம் இருக்கும். படகு வராமல் போன ஒரு மழைக்காலத்தில், ஊர் பேர் தெரியாத ஓவியன் ஒருவன் அங்கே மாட்டிக்கொண்டு, பொழுது போகாமல், தன்னோடு காத்துக் கிடந்தவர்களையே அதில் வரைந்துவிட்டுப் போய்விட்டான். மூட்டை முடிச்சுகளுடன் ஒரு பத்துப் பன்னிரண்டு பேர். நடுவில் ஒரு பெண், வந்த கொட்டாவியை அடக்கப் பார்த்து முடியாமல், இடது கன்னம் மட்டும் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதுதான் அம்மா. பிறகு வீடு எரிந்ததில் இருந்த நாலு போட்டோவும் போயின. தங்கையைப் பெற்றுப் போட்ட கையோடு அம்மாவும் போனாள். தங்கைக்கு அம்மா என்றால் அந்தக் கொட்டாவிதான்.

இப்போது அந்த அம்மாவை வண்டு அரித்துக்கொண்டிருந்தது.

பன்னாட்டுப் பண்பாட்டுச் செல்வ ஆய்வு மற்றும் பேணுகைக்கான பொது வசதி மையம் பலகையைக் கேட்டு வாங்கிக்கொள்ள முன்வந்திருப்பதாக நகர மன்றத் தலைவர் வந்து சொன்னபோது, அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடித்ததற்கே அவருக்கு வியர்த்துவிட்டது. ஏழு நாடுகள் சேர்ந்து கட்டியது. உலகத்தில் இல்லாத கருவியெல்லாம் அங்கே இருக்கிறது. பலகையோடு துணைக்கு ஊரிலிருந்து ஒருவர் வந்து தங்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

"ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போற மாதிரி நெனச்சுக்கோக்கா," என்றாள் தங்கை. "ஃபிளாஸ்க் எடுத்துக்கோ. கவுன்டரை நான் பார்த்துக்கறேன்."

மையத்தின் வாசலில் ஏழு கொடிகள் பறந்தன. ஒருங்கிணைப்பாளர் என்ற பெண்மணி ஓடிவந்து டிக்கெட்காரியின் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டினாள். அதில் 'சமூகத்தின் குரல்' என்று போட்டிருந்தது. பலகையையும் அவளையும் சேர்த்து நிறுத்திப் படம் எடுத்தார்கள். கொஞ்சம் வருத்தமாகப் பார்க்கச் சொன்னார்கள். அதற்கு அவள் தனியாக முயற்சி எதுவும் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

"பூச்சிக்கு எப்பங்க மருந்து வைப்பீங்க?" என்று கேட்டாள்.

கோயிலுக்குள் செருப்போடு வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள் ஒருங்கிணைப்பாளர். "மருந்துங்கற வார்த்தையை நாங்க இங்க சொல்றதில்லைங்க. தலையீடுன்னு சொல்லுவோம்."

"சரிங்க. தலையீடு எப்ப?"

"தலையிடறதுக்கு முன்னாடி அடிப்படை நிலை தெரியணும் இல்லையா?"

"அப்படின்னா?"

"பலகை இப்ப எப்படி இருக்குங்கறது."

"பூச்சி அரிச்சுக்கிட்டு இருக்குங்க."

"அது உங்க கருத்து," என்றாள் ஒருங்கிணைப்பாளர் அன்பாக.

அடிப்படை நிலையை ஏழு நாடுகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு நாடு எடுத்த மாதிரியை இன்னொரு நாடு நம்புவது நட்புக்கு அழகு, அறிவியலுக்கு அழகல்ல என்று மையத்தின் விதி சொன்னது. ஆகவே ஒவ்வொரு நாடும் தனித்தனியாகக் கடுகளவு மரமும் வண்ணமும் சுரண்டி எடுத்துக்கொள்ளும். ஒப்பிட வசதியாக எல்லோரும் ஒரே இடத்தில்தான் எடுக்க வேண்டும். வெள்ளை, சிவப்பு, பழுப்பு மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இடமாகப் பார்த்தார்கள். பலகை முழுவதும் தேடி அப்படி ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். கொட்டாவி விடுகிற பெண்ணின் இடது கன்னம்.

முதல் நாட்டுக் குழு வெள்ளைக் கையுறையோடு வந்தது. பூதக்கண்ணாடி, ஊசிமுனைக் கத்தி, மூச்சு படாமல் இருக்க முகமூடி. கடுகளவு எடுத்துச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, குப்பியை வெல்வெட் பெட்டியில் வைத்து, பெட்டியோடு கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டு போனது. இரண்டாவது நாடு வந்தது. மூன்றாவதும் வந்து போன பிறகுதான் முதல் நாட்டிலிருந்து ஆட்சேபம் வந்தது. தாங்கள் பார்த்த பலகையில் இரண்டு குழிகள் இல்லை. இப்போது இருக்கின்றன. அப்படியானால் தாங்கள் ஒப்புக்கொண்ட அடிப்படை நிலை காலாவதி. மறுபடி எடுக்க வேண்டும்.

மையத்தின் இயக்குநர் அதை ஏற்றுக்கொண்டார். ஆட்சேபம் எதுவானாலும் ஏற்றுக்கொள்வார். அப்படித்தான் இயக்குநராகவே ஆனார் என்று பேச்சு.

"அம்மாவை டாக்டருங்க பார்த்தாங்களா?" என்று தங்கை போனில் கேட்டாள்.

"பார்த்துக்கிட்டே இருக்காங்கடி."

"எப்படி இருக்காளாம்?"

"அதைத்தான் ஏழு பேரும் பேசி முடிவு பண்ணணுமாம்."

வாரந்தோறும் கூட்டம் நடந்தது. மையத்தைத் தொடங்கியபோது ஏழு நாட்டுத் தலைவர்களும் கையெழுத்திட்ட நீளமான பழைய மர மேசை. அதைச் சுற்றி ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். பலகை பக்கத்து அறையில்தான் கிடந்தது. ஆனால் யாரும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. அதன் உருவத்தைக் கணினியில் ஏற்றித் திரையில் போட்டுச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார்கள். திரையில் இருந்த பலகை அழகாகத்தான் இருந்தது. ஏற்றிய அன்றைய நிலையில், கன்னம் குழியாமல், மாவு உதிராமல்.

கூட்ட முடிவில் சமூகத்தின் குரலுக்கு ஒரு நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். நிமிடம் முடிந்தால் மேசைமேல் ஒரு சிவப்பு விளக்கு எரியும். முதல் தடவை அவள் கழுத்து அட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அது எங்கம்மாங்க," என்றாள். "எங்க ரெண்டு பேருக்கும் வேற படம் கிடையாது. நீங்க சுரண்டற இடம் அவ கன்னம். தயவு பண்ணி முதல்ல பூச்சியைக் கொல்லுங்க. அப்புறம் என்ன வேணா ஆராய்ச்சி பண்ணிக்குங்க."

எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மறுநாள் ஒருங்கிணைப்பாளர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "உங்க பேச்சு பிரமாதம். உணர்வுசார் மதிப்பு, மிக உயர்வுன்னு பதிவு பண்ணிட்டோம். பலகையோட முக்கியத்துவமே ஒரு படி ஏறிடுச்சு."

"அப்ப சீக்கிரம் பார்ப்பீங்களா?"

"முக்கியத்துவம் ஏறின பொருளை அவசரப்பட்டுத் தொட முடியுமா? இனிமே ஒவ்வொரு நாடும் ரெண்டு மாதிரி எடுக்கணும்."

அவளுக்குக் கோபம் சட்டென்று வருகிற சுபாவம் இல்லை. படகு தாமதமானால் ஊர்க் கோபத்தையெல்லாம் நாள் முழுக்க ஜன்னல் வழியாக வாங்கி வைப்பவள். அடுத்தவர் கோபம் அடைத்துக்கொண்ட இடத்தில் தன்னுடையதை வைக்க இடமிருந்ததில்லை. அன்றைக்கு அறைக்குத் திரும்பிக் கட்டிலில் உட்கார்ந்தபோதுதான், வயிற்றுக்கு மேலே, விலா எலும்புக்குள் ஏதோ நிதானமாக அசைந்து தனக்கு வழி செய்துகொள்வது தெரிந்தது. தண்ணீர் குடித்துப் பார்த்தாள். அது போகவில்லை. போக வேண்டும் என்று அவளும் விரும்பவில்லை.

அடுத்து வந்தவர் வண்டுப் பேராசிரியர். சட்டைப் பொத்தான் அளவு மைக் ஒன்றைப் பலகையின் முதுகில் ஒட்டினார். உள்ளே வண்டுப் புழுக்கள் கடிக்கிற சத்தம் கம்பியில்லாமலே ஒலிபெருக்கிக்கு வந்தது. கர்ர்... டிக். கர்ர்... டிக். அவர் கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கச்சேரி கேட்பவர்போல் தலையாட்டினார்.

"கேட்டீங்களா? நல்லா இருக்காங்க," என்றார். பலகையை 'அது' என்பார். வண்டுகளை 'அவங்க' என்பார். "ஏழு நாடு சேர்ந்து இடைவிடாம கவனிக்கற ஒரே வண்டுக் குடும்பம் உலகத்துலயே இதுதான். ஆனா ரூம் இவ்வளவு குளிரா இருக்கக் கூடாது. குளிர்ல அவங்க சாப்பிட மாட்டேங்கறாங்க."

அறையில் ஹீட்டர் வைத்தார்கள். காற்றில் ஈரப்பதம் சேர்க்க ஓர் இயந்திரமும் வந்தது. வண்டுகள் சாப்பிடத் தொடங்கின. கீழே உதிர்கிற மாவு கைப்பிடியிலிருந்து ஒரு கிண்ணமானது.

அவள் இயக்குநர் அறைக்கே போய்விட்டாள். அவர் எழுந்து நின்று வரவேற்றார். எதிரே ஒற்றை ஆள் இருந்தாலும் மேடையில் பேசுவதுபோல்தான் அவருக்குப் பேச வரும்.

"அம்மா, உங்கள் வேதனையை இந்த மையம் மதிக்கிறது. ஆனால் ஒன்றைச் சிந்தியுங்கள். யார் இந்த வண்டு? அதுவும் இந்தப் பலகையின் வரலாற்றில் ஒரு பங்குதாரர் அல்லவா? வரைந்தவன் ஒரு மாதம் பலகையோடு இருந்தான். வண்டு பல ஆண்டுகளாக இருக்கிறது. நாம் ஒருவர் பக்கம் சாய முடியாது. பேணுவது என்றால் காப்பாற்றுவது என்று பொதுமக்கள் தவறாக நினைக்கிறார்கள். காப்பாற்றிவிட்டால் பிறகு நமக்கு என்ன வேலை? இங்கே முந்நூறு பேர் பணிபுரிகிறார்கள்."

"அப்ப பலகை முழுசும் மாவாப் போச்சுன்னா?"

"அந்த மாவும் பாதுகாக்கப்படும்," என்றார் இயக்குநர், நெஞ்சில் கைவைத்து.

வெளியே வந்தவள் கால் போன போக்கில் நடந்து, கட்டடத்தின் பின்கோடியில் ஒரு பெரிய இரும்புக் கதவின் முன்னால் நின்றாள். எங்கேயோ பார்த்த கதவு. மையத்தின் விளம்பரப் புத்தகத்தின் அட்டையிலேயே அதுதான் இருந்தது. ஆக்சிஜனை வெளியேற்றிவிட்டு நைட்ரஜனை நிரப்பும் அறை. உள்ளே வைத்த பொருளுக்கு ஒன்றும் ஆகாது. அதற்குள் இருக்கிற பூச்சி, புழு, முட்டை ஒன்றும் மிஞ்சாது. கதவுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரை வாயுக்காரர் என்பார்கள்.

"இதுல எத்தனை நாளாகும்ண்ணே?"

"மூணு வாரம். இவ்வளவு பெரிய ரூம், ஒரு வண்டியே உள்ள போகும். தொறந்த நாள்லேர்ந்து நான் இங்கதான் இருக்கேன். ஒரு சிலை, ஒரு படம், ஒரு துண்டு துணி உள்ள போனதில்ல. அடிப்படை நிலை முடிஞ்சு வந்த பொருளே கிடையாது."

"அப்ப சும்மாவேவா இருக்கு?"

வாயுக்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து காட்டினார். உள்ளே மாவு மூட்டைகள் அடுக்கியிருந்தன. கேன்டீனுக்கு வருகிற மாவில் வண்டு விழாமல் இருக்க, மாதாமாதம் இங்கேதான் கொண்டுவந்து வைக்கிறார்களாம். சமையல் சாமானுக்கு அடிப்படை நிலை தேவையில்லை. அது பண்பாட்டுச் செல்வத்தில் சேராது.

அவள் மூட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழு நாடுகளும் சேர்ந்து வண்டிலிருந்து காப்பாற்றியிருந்த ஒரே பொருள், நாளைக்கு இவர்கள் தின்னப்போகிற மாவு.

"அடுத்த லோடு எப்ப உள்ள போகும்?"

"நாளைக்கு." அவருக்குப் புரிந்துவிட்டது. "வேணாம்மா. என் வேலை போயிடும். நான் புள்ளகுட்டிக்காரன். உள்ள வெக்கற ஒவ்வொண்ணையும் என்னன்னு சொல்லணும் நான். பலகைன்னு சொன்னா மாட்டிக்குவேன்."

"மாவுன்னே சொல்லுங்க. இப்பவே பாதி மாவுதானே."

வாயுக்காரர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைக் கண்டு பாதியில் நிறுத்திக்கொண்டு, நாளைய சீட்டில் மாவு மூட்டைக் கணக்கில் ஒன்றைக் கூட்டி எழுதினார்.

மறுநாள் மதியம் எல்லோரும் கேன்டீனில் இருந்தபோது, இரண்டு பேருமாகப் பலகையைப் போர்வையில் சுற்றித் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். வழியில் இரண்டு விஞ்ஞானிகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். தள்ளுவண்டியில் போவது சாப்பாட்டுச் சாமான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அறைக்குள் வைப்பதற்கு முன் வாயுக்காரர் முதுகில் ஒட்டியிருந்த மைக்கைப் பிய்த்தெடுத்துக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

"இது சத்தம் போடலைன்னா பேராசிரியர் ஓடி வந்துருவாரேம்மா."

"வேற எங்கயாவது உளுத்த மரம் இருக்கா இங்க?"

வாயுக்காரர் யோசிக்கவே இல்லை. "கூட்டம் போடற மேசை. தெனமும் கீழ மாவு கொட்டுதுன்னு கூட்டறவங்க சொல்லிச் சொல்லி அலுத்துட்டாங்க."

அந்த மூன்று வாரமும் கூட்டங்கள் குறைவில்லாமல் நடந்தன. அடுத்த சுற்று மாதிரிக்கான தேதியை ஏழு நாடுகளும் இன்னும் ஒப்புக்கொள்ளாததால், பலகை காணாமல் போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. திரையில் அது சுழன்றுகொண்டுதான் இருந்தது. அதன் தற்போதைய நிலையைப் பற்றி அறிக்கை வாசித்தார்கள், அறிக்கையின்மேல் கருத்துச் சொன்னார்கள். மேசைக்கு அடியில் ஒட்டியிருந்த மைக்கிலிருந்து வந்த சத்தம் அறையை நிறைத்தது. கர்ர்கர்ர்... டிக்டிக். வண்டுப் பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை.

"அவங்க உற்சாகம் கூடியிருக்கு! போன வாரத்தைவிட ரெண்டு மடங்கு! இதுக்கு ஒரே காரணம் நம்ம ஹீட்டர்தான்."

ஏழு நாட்டுப் பிரதிநிதிகளும் தங்கள் முழங்கைகளுக்குக் கீழே வண்டுகள் கடிக்கிற சத்தத்தை, அதே மேசைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, கண்மூடிக் கேட்டார்கள். அவள் தன் நிமிடம் வந்தபோதெல்லாம் "ஒண்ணும் சொல்றதுக்கில்லைங்க" என்று உட்கார்ந்துவிட்டாள். சமூகம் மையத்தின்மேல் நம்பிக்கை கொள்ளத் தொடங்கிவிட்டது என்று அதையும் பதிவு செய்தார்கள்.

"அம்மா இப்ப எந்த ரூம்லக்கா?"

"மாவு மூட்டையோட இருக்கா. நிம்மதியா."

நைட்ரஜன் அறை திறந்தது. வாயுக்காரர் பலகையின் முதுகில் தட்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். பழைய தூள் கொஞ்சம் உதிர்ந்து, பிறகு அதுவும் நின்றது. அடுத்த நாள் கூட்டத்தில் அவளுக்கான நிமிடம் வந்தபோது எழுந்து நின்றாள். விலாவுக்குள் இத்தனை நாள் அசைந்துகொண்டிருந்தது குரல்வளைக்கு வந்து நின்றிருந்தது.

"எங்க பலகையில வண்டு செத்துப் போச்சு," என்றாள். "மூணு வாரமா அது கேன்டீன் மாவோட உங்க வாயு ரூம்ல இருந்துச்சு. ஒருத்தரும் தேடல. இப்ப நீங்க ரசிச்சுக் கேக்கறீங்களே, இது இந்த மேசையோட சத்தம். குனிஞ்சு பாருங்க. உங்க காலுக்குக் கீழயே மாவு கொட்டிக் கெடக்கு. உங்க மேசையையே உங்களால காப்பாத்த முடியல. எங்கம்மாவைக் கேட்டு வாங்கினீங்களே, எதுக்கு?"

சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

முதலில் யாரும் குனியவில்லை. பிறகு எல்லோரும் சேர்ந்து குனிந்தார்கள். நிமிர்ந்தபோது வண்டுப் பேராசிரியரின் முகம் வெளிறியிருந்தது. "அத்தனை பேரும் போயிட்டாங்களா?" என்றார் உடைந்த குரலில். இயக்குநர் எழுந்தார். ஏழு நாடுகளின் கண்காணிப்பில் இருந்த ஓர் உயிர்க்கூட்டம் திட்டமிட்டு அழிக்கப்பட்டிருக்கிறது என்றார். அனைவரும் எழுந்து நின்று மௌனமாக அஞ்சலி செலுத்தினார்கள். அந்த மௌனத்தில் மேசை தெளிவாகக் கேட்டது. கர்ர்... டிக்.

பேராசிரியர்தான் முதலில் கண்ணைத் திறந்தார். "இவங்க இருக்காங்க," என்றார் மெதுவாக. மாலைக்குள் மேசை பண்பாட்டுச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. தண்ணீர் பாட்டில்களை அப்புறப்படுத்தினார்கள். சுற்றிலும் கயிறு கட்டி ஹீட்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஏழு நாட்டுக் குழுக்களும் கையுறையோடு புறப்பட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. எந்த இடத்தில் மாதிரி எடுப்பது என்பதில் மட்டும் சிக்கல். ஏழு தலைவர்களும் கையெழுத்திட்ட இடத்தில்தான் மையும் மெருகும் மரமும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருந்தன.

வாயுக்காரரை வேலையிலிருந்து எடுக்கவில்லை. எடுக்க வேண்டுமானால் அந்த அறை பயன்பட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

பலகையைப் பற்றி இயக்குநர் கூப்பிட்டுச் சொன்னார். "வருந்துகிறோம். இது இப்போது அசைவற்ற, மாற்றமற்ற, கெட்டுப்போகாத ஒரு பொருள். ஆகவே அறிவியலுக்குப் பயன்படாது. நீங்கள் எடுத்துச் செல்லலாம்."

"கன்னம்?" என்றாள் அவள்.

"என்ன?"

"சுரண்டி எடுத்துட்டுப் போனீங்களே. அது எங்க?"

"ஏழு நாடுகளில் மிகப் பாதுகாப்பாக இருக்கிறது."

"திருப்பிக் குடுங்க. நான் ஒட்டிக்கறேன்."

ஒருங்கிணைப்பாளர் பக்கத்திலிருந்து அவசரமாகச் சொன்னாள். "நீங்க தாராளமா விண்ணப்பிக்கலாம்ங்க. இது எல்லாருக்கும் பொதுவான வசதிதானே. மாதிரியைப் பார்க்க யார் வேணாலும் கேக்கலாம். உங்க ஆய்வுக் கேள்வி என்னன்னு மட்டும் சொல்லணும்."

"எங்கம்மா கன்னம் ஏன் உங்ககிட்ட இருக்கு? இதுதான் கேள்வி."

ஒருங்கிணைப்பாளர் அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "கேள்வி நல்லாத்தான் இருக்கு. ஆனா தனி ஆளா கேக்க முடியாது. குறைஞ்சது மூணு நாட்டுப் பங்காளிங்க சேர்ந்து கேக்கணும்."

அவள் கழுத்து அட்டையைக் கழற்றி இயக்குநரின் மேசைமேல் போட்டாள். போட்ட வேகத்தில் அது வழுக்கிக்கொண்டு போய் அவர் மடியில் விழுந்தது.

வாயுக்காரர் பலகையின் ஒரு முனையைப் பிடிக்க, மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டு, முன்வாசல் வழியாகவே வெளியேறினாள். கொடிகளுக்குக் கீழே வேன் நின்றது. பலகையை உள்ளே ஏற்றிப் பக்கத்தில் உட்கார்ந்து, போர்வையை விலக்கிப் பார்த்தாள். கொட்டாவியை அடக்கிய உதடு இருந்தது. கண் இருந்தது. உப்பியிருந்த இடத்தில் கைவிரல் நுழைகிற அளவுக்குக் குழி. வண்டு போட்ட துளைகள் முகத்தைச் சுற்றி ஊசிக்குத்துபோல் இருந்தன. முகத்துக்குள் இருந்த ஒரே பள்ளம் இவர்கள் தோண்டியது. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வந்தது கோபம். போனை எடுத்துத் தங்கையை அழைத்தாள்.

"கிளம்பிட்டேன்டி. கூட்டிக்கிட்டு வர்றேன். ஆனா முழுசா இல்ல."

"என்னக்கா போச்சு?"

"இடது கன்னம்."

தங்கையின் பின்னால் படகுக்கு நிற்பவர்களின் கூச்சல் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "போகட்டும்க்கா. எனக்கு அப்படியே அம்மா கன்னம்னு சித்தி சொல்லுவாங்களே. அதைப் பார்த்து யாரையாவது வரையச் சொல்லிக்கலாம்."

"சரிடி," என்றாள் அக்கா. "ஆனா அதை வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதே. கத்தியை எடுத்துக்கிட்டு ஏழு நாடும் வந்து நிக்கும்."